பதினேழு நிமிடம் முன்னால்

குளியலறைத் தரை ஈரமாக இருந்தது.

வேலையிலிருந்து வந்து, கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே கால் கழுவப் போன மனோரஞ்சிதம் வாசலிலேயே நின்றுவிட்டாள். காலையில் ஏழு மணிக்கு அவள் குளித்துவிட்டுப் போனது. ஜன்னல் திறந்திருந்தது, நாள் முழுக்க வெயில், இந்நேரத்துக்கு ஓடுகள் காய்ந்து வெளுத்துப் போயிருக்க வேண்டும். மேல்வீட்டுக் குழாய் ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்த்தாள். கூரையில் ஒரு துளி இல்லை. குனிந்து, இரண்டு விரலால் தண்ணீரைத் தொட்டாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

கண்ணாடியின் மேல்பாதி தெளிந்து, கீழ் ஓரத்தில் மட்டும் ஆவிப் படலம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டிருந்தது. கோடாலித் தைலத்தின் வாசனை. யாரோ குளித்து, துவட்டி, நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டு இப்போதுதான் வெளியே போயிருக்கிறார்கள். வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. நாற்பத்து மூன்று நாட்களாக யாரும் இல்லை.

அவள் மாப்பை எடுத்து வந்து தரையைத் துடைத்தாள். நேற்றும் துடைத்தாள். முந்தாநாளும். இன்று மூலைமுடுக்கு வரை அழுத்தித் துடைத்தாள். தண்ணீரைப் பிழிந்து சாக்கடையில் ஊற்றும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள். பயம் இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் இருந்தது.

சற்று முன்பு அவள் கதவைத் திறந்தபோது கூடத்து ஸ்பீக்கர் வழக்கம்போலச் சொன்னது, அவருடைய குரலில்: "மணி நாலு. நிமிடம் இருபத்தெட்டு."

அவள் கைபேசியில் அப்போது நாலு பதினொன்று.

*

அவள் கணவர் ஜெயரத்தினம் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாகச் சிங்கப்பூரில் இருக்கும் யாழ்ப்பாணக் குடும்பம். எல்லாரும் எழுத்து வேலை, மடிப்புக் கலையாத சட்டை. மனோரஞ்சிதத்தின் அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். கல்யாணமான முதல் வாரத்தில் சந்தைக்குப் போனவள் பதினொரு நிமிடம் தாமதமாகத் திரும்பினாள். அவர் கத்தவில்லை. "உங்கட ஆக்களுக்கு நேரமெண்டா என்னெண்டே தெரியாது" என்று மட்டும் சொன்னார். அன்று மாலை நாற்காலி போட்டு ஏறி, வீட்டிலிருந்த ஒவ்வொரு கடிகாரத்தையும் பதினேழு நிமிடம் முன்னால் தள்ளி வைத்தார்.

ஏன் பதினேழு என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இருபத்தொன்பது வருடம் அந்த வீட்டில் அதுதான் நேரம்.

ஓய்வுக்குப் பிறகு அவர் லினக்ஸ் படித்தார். செங்காங் வீட்டின் பாம் ஷெல்டரில், மற்ற வீடுகளில் பழைய பெட்டியும் அரிசி மூட்டையும் அடுக்கி வைக்கும் அந்த இரும்புக் கதவு போட்ட சின்ன அறையில், ஒரு கறுப்புக் கணினியை வைத்தார். வாசல் பூட்டு, விளக்குகள், தண்ணீர் ஹீட்டர் எல்லாம் அதன் பேச்சைக் கேட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றிலிருந்து அறுபது வரை தன் குரலில் பதிவு செய்தார். அதற்குப் பிறகு வாசல் கதவு திறக்கும்போதெல்லாம், அரை மணிக்கொரு தரமும், வீடே மணி சொன்னது. வீட்டு நேரப்படி இரவு பத்து மணிக்கு விளக்கு அணையும், வாசல் பூட்டிக்கொள்ளும்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஓர் இரவு, கல்லூரி வேலை முடிந்து மகள் சயந்தினி ஒன்பது நாற்பத்தெட்டுக்கு வந்தாள். வீட்டு நேரம் பத்தைத் தாண்டியிருந்தது. கதவு திறக்கவில்லை. உள்ளே ஜெயரத்தினம் நாற்காலியை வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்து விடியும்வரை செய்தித்தாள் படித்தார். மனோரஞ்சிதம் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழுவதைக் கேட்டாள். காலையில் சயந்தினி ஒரு பையை எடுத்துக்கொண்டு பூன் லேயில் ஒரு தோழி வீட்டுக்குப் போனவள் போனவள்தான். அப்பாவைத் தகனம் செய்த இடத்துக்கு வந்தாள். வீட்டுக்கு வரவில்லை.

போன ஞாயிறு தொலைபேசியில் கேட்டாள். "அம்மா, அந்த வீட்டு டைம் இன்னும் ஓடுதா?"

"மாத்திடுறேன்."

"மாத்துங்க. சனிக்கிழமை வரேன். எட்டு மணிக்கு. எல்லாருக்கும் இருக்குற எட்டு மணிக்கு. வாசல்ல அந்தக் குரல் தப்பா ஒரு நிமிஷம் சொன்னாலும் நான் அப்படியே திரும்பிடுவேம்மா. கோவப்படாதீங்க. என்னால முடியாது."

இன்று சனிக்கிழமை.

*

ஏற்கெனவே இரண்டு தரம் மாற்றியிருந்தாள். அவருடைய நோட்டுப் புத்தகத்தில் கடவுச்சொல் இருந்தது. ரேஸ் கோர்ஸ் சாலைப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் பதினெட்டு வருடம் உட்கார்ந்தவளுக்கு விசைப்பலகை புதிதில்லை. செவ்வாய்க்கிழமை ஷெல்டருக்குள் போய் timedatectl என்ற நேரக் கட்டளையைத் தட்டினாள். நேர வலயம் சரியாகவே இருந்தது: Asia/Singapore. ஊரைப் பற்றி அவர் பொய் சொல்லவில்லை. கடிகாரத்தை மட்டும் முன்னால் நகர்த்தி, வெளி உலகத்தோடு அது ஒத்துப் பார்க்கும் வழியை அடைத்து வைத்திருந்தார். அவள் கையால் சரியான நேரம் வைத்தாள். அன்றிரவு குரல் சரியாகச் சொன்னது. மறுநாள் காலை பதினேழு நிமிடம் முன்னால். வியாழக்கிழமையும் அதேதான்.

மருத்துவமனையின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அஃப்ரீனிடம் நேற்று டெக்கா உணவங்காடியில் தே தாரிக் குடிக்கும்போது கேட்டாள். அஃப்ரீன் சிரித்தாள்.

"ஆன்ட்டி, உள்ள ரெண்டு கடிகாரம் இருக்கு. ஒண்ணு ஓடுற சிஸ்டத்தோடது. இன்னொண்ணு போர்டுல, சின்ன பேட்டரி போட்டு. கரண்டே இல்லன்னாலும் அது ஓடும். தினமும் ராத்திரி பெட்டி ரீஸ்டார்ட் ஆகுதுல்ல? அப்போ அடியில இருக்குறதைக் கேட்டுத்தான் மேல இருக்குறது எழுந்திரிக்கும். நீங்க மேல மட்டும் மாத்துனீங்க."

"அப்ப என்ன செய்யணும்?"

"வெளிய இருக்குற டைம் சர்வரோட சேத்து விடுங்க. அதுவே ரெண்டையும் சரி பண்ணிடும். ஆனா ஒரேயடியா பின்னாடி குதிச்சா கதவுப் பூட்டு குழம்பிடும் லா. அதனால மெதுவா இழுத்துட்டு வரட்டும். பன்னெண்டு நிமிஷத்துக்கு ஒரு நிமிஷம் குறையும். மூணரை மணி நேரத்துல சரியாயிடும்." பேசிக்கொண்டே ஒரு துண்டுக் காகிதத்தில் கட்டளைகளை எழுதினாள். "கடைசி வரி, makestep, அது அவசரத்துக்கு மட்டும். மிச்சம் இருக்குறதை ஒரே அடியில முடிச்சிடும்."

நாலு இருபதுக்கு மனோரஞ்சிதம் ஷெல்டரின் முக்காலியில் உட்கார்ந்து அந்தக் கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். திரையில் ஓர் எண் வந்தது. 1020. அத்தனை வினாடி இந்த வீடு உலகத்துக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

பார்த்துக்கொண்டே இருந்தாள். 1019 ஆனது.

"இறங்கு" என்றாள் எண்ணைப் பார்த்து.

*

மீன் தலையைக் கழுவி மஞ்சள் தடவி வைத்தாள். புளி கரைத்தாள். வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டிருந்தபோது, கீழே எல்ஆர்டி ரயில் முனகலோடு வளைந்து போவதும், எதிர் பிளாக்கில் யாரோ துணிக் கம்பை உள்ளே இழுப்பதும், சட்டியில் வெந்தயம் பொரிவதும் தவிர வேறு ஒன்றும் காதில் விழவில்லை. ஐந்து மணி வாக்கில் தண்ணீர் குடிக்கக் கூடத்துக்கு வந்தாள். சோபாவின் வலது ஓரத்து மெத்தை பள்ளமாக இருந்தது.

அந்தப் பள்ளம் புதிதில்லை. இத்தனை நாளும் பார்த்திருக்கிறாள், ஆறிப்போன பள்ளம். இன்று உள்ளங்கையை வைத்தாள். சூடு. மெத்தை அவள் கைக்குக் கீழே மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது, பெருமூச்சு விடுவதுபோல.

கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். வெண்டைக்காயை வேண்டுமென்றே சத்தமாக நறுக்கினாள்.

ஐந்தே முக்காலுக்குக் கைகழுவும் தொட்டியில் ஒரு காப்பிக் கோப்பை இருந்தது. அவள் வைக்கவில்லை. அடியில் மிச்சமிருந்த ஒரு வாய்க் காப்பியிலிருந்து ஆவி ஒரு நூலாக எழுந்து ஜன்னல் பக்கம் வளைந்தது. குளியலறையிலிருந்து படுக்கையறை வரை தரையில் ஈரக் கால்தடம் ஐந்து. அகலமான பாதம், வலது காலை லேசாக வெளியே திருப்பி வைக்கும் நடை. முந்தைய நாட்களில் தடங்கள் ஓரம் காய்ந்து மங்கலாகத்தான் கிடைக்கும். இன்று கடைசித் தடத்தின் குதிகாலில் தண்ணீர் இன்னும் பரவிக்கொண்டிருந்தது.

அவள் ஷெல்டருக்குள் போய்த் திரையைப் பார்த்தாள். 600.

பத்து நிமிடம்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. முக்காலியில் உட்கார்ந்தாள். அவர் எங்கும் போகவில்லை. வீட்டு நேரத்தில் இருந்தார். எப்போதும்போல அவளுக்குப் பதினேழு நிமிடம் முன்னால் குளித்து, உட்கார்ந்து, எழுந்து போய்க்கொண்டிருந்தார். அவள் வந்து சேரும்போது ஈரமும் சூடும்தான் மிச்சம். அந்தப் பதினேழு நிமிடத்தை இன்று மாலை முதல் அவள் தன் கையால் இழுத்துச் சுருக்கிக்கொண்டிருக்கிறாள்.

கைபேசி அதிர்ந்ததில் துள்ளிவிட்டாள். அஃப்ரீன்.

"ஆன்ட்டி, நம்பர் குறையுதா?"

"குறையுது. அறுநூறு."

"சூப்பர். எட்டு மணிக்குள்ள ஸீரோ. குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"அஃப்ரீன், நடுவுல நிறுத்தணும்னா?"

"நிறுத்தலாமே. சர்வீஸை ஸ்டாப் பண்ணிட்டுப் பழையபடி பதினேழு நிமிஷம் முன்னாடி தள்ளி வச்சுக்கலாம். ஒண்ணும் கெட்டுப் போகாது." கொஞ்சம் தயங்கினாள். "நிறுத்தணுமா ஆன்ட்டி?"

படுக்கையறை அலமாரிக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. எண்ணெய் போடாத கீல். இருபத்தொன்பது வருடமாகக் கேட்ட சத்தம்.

மனோரஞ்சிதம் கண்ணை மூடினாள். நிறுத்தினால் அவர் மறுபடி முன்னால் ஓடிவிடுவார். ஈரத்தைத் துடைத்துக்கொண்டு, கோப்பையைக் கழுவிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே சாகும்வரை இருந்துவிடலாம். பிள்ளை மட்டும் வரமாட்டாள்.

"வேணாம்" என்றாள். "ஓடட்டும்."

*

ஆறே முக்கால். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம். அடுப்பைக் குறைத்துவிட்டுப் போனாள். அவள் கதவைத் தொடும்போது சத்தம் நின்றது. உள்ளே ஷவர் தலையிலிருந்து கடைசித் துளிகள் விழுந்துகொண்டிருந்தன. கொக்கியில் தொங்கிய துண்டு ஆடிக்கொண்டிருந்தது.

அவள் போய் அந்தத் துண்டைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு துண்டை எடுத்து, சுருட்டி, குப்பைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள்.

வெளியே வெளிச்சம் செம்மண் நிறமாகி மங்கத் தொடங்கியது. விளக்கைப் போட்டாள், எல்லா அறையிலும். இரவில் மின்சாரம் வீணாகிறது என்று அவர் சொல்லும் விளக்குகள் எல்லாவற்றையும். தைல வாசனை இப்போது மூக்கின் உள்ளே எரிந்தது. அதற்கு அடியில் இன்னொன்று, ஆஸ்பத்திரிப் படுக்கையும் காய்ந்த வியர்வையும் கலந்த ஒரு புளிப்பு.

ஸ்பீக்கரில் அரை மணிக்கொரு தரம் வரும் குரல். அது வருமுன் ஒரு மூச்சு கேட்டது.

எந்த எண்ணைச் சொன்னாலும் பதிவில் மூச்சு இருந்ததில்லை. அவர் ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக வெட்டிச் சேர்த்திருந்தார். இப்போது மூச்சு இருந்தது. நெஞ்சுச் சளியோடு, நிதானமாக, உள்ளே இழுத்த மூச்சு.

"மணி ஏழு."

கைபேசியில் ஆறு ஐம்பத்தாறு.

"இல்ல" என்றாள் மனோரஞ்சிதம், கூடத்தின் நடுவில் நின்று. மறுபடி சொன்னாள். "இல்ல. ஏழு ஆகல. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."

இருபத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாகச் சொன்னாள். பிறகு படுக்கையறைக்குள்ளிருந்து, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கும் ஒரு சின்ன சத்தம். ட்ச்.

அவள் போனாள். ஓடவில்லை, நடந்தாள். நடைவழியில் அவள் போட்ட விளக்கு, அவள் நுழையும் நொடியில் அணைந்தது. சுவிட்சு இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தது. மறுபடி போட்டாள். படுக்கையறையில் யாரும் இல்லை. மெத்தை விரிப்பு யாரோ எழுந்த இடத்தில் அலைபோல மெல்லத் தாழ்ந்தது. திரும்பினாள். அடுப்படி மூலையில் ஒரு குதிகால். வெளுத்த, வெடித்த குதிகால். மறைந்தது.

*

ஏழு பதினாறுக்குக் கைபேசியில் செய்தி வந்தது.

அம்மா, சீக்கிரமே கிளம்பிட்டேன். செங்காங்ல இறங்கிட்டேன். ஏழரைக்கெல்லாம் வந்துடுவேன். பசிக்குது.

அவள் ஷெல்டருக்கு ஓடினாள். 140.

இரண்டு நிமிடத்துக்கு மேல் மிச்சம். இதே வேகத்தில் போனால் ஏழே முக்கால் ஆகும். சயந்தினி ஏழரைக்குக் கதவைத் திறப்பாள், குரல் ஒரு நிமிடம் தப்பாகச் சொல்லும், பிள்ளை திரும்பிப் போய்விடுவாள். திரும்பாமல் உள்ளே வந்துவிட்டால் அதைவிட மோசம். மேசையில் உட்கார்ந்து, தட்டை இழுத்து, முதல் வாய் வைக்கும்போது எண் ஸீரோ ஆகும். அவர் அந்த நிமிடத்துக்குள் வந்து நிற்பார். பிள்ளைக்குப் பின்னால்.

நிறுத்தும் கட்டளை தெரியும். வராதே என்று ஒரு செய்தி அனுப்பவும் தெரியும். கட்டைவிரல் கைபேசியின் மேல் நின்றது.

குளியலறைக் கதவு சாத்திக்கொள்ளும் சத்தம். கூடத்தில் செருப்பில்லாத பாதங்கள். சப். சப். வலது கால் மட்டும் சற்று இழுத்து.

அவள் செய்தி எழுதினாள். கதவு நம்பர் உனக்குத் தெரியும்ல. நீயே திறந்து வா. நான் ஷெல்டர்ல ஒரு வேலையா இருக்கேன். சாப்பாடு மேசைல இருக்கு.

குழம்புச் சட்டியை மேசைக்குக் கொண்டுபோய் வைத்தாள். தட்டு வைத்தாள், கரண்டி வைத்தாள். சோறு கொஞ்சம் சிந்தியது. பொறுக்கவில்லை. நாற்காலியின் முதுகில் ஐந்து விரல் இருந்ததுபோல ஈரக்கறை, அவள் பார்க்கப் பார்க்க மங்கியது. இவ்வளவு அருகில். மேசையைச் சுற்றி வந்து ஷெல்டருக்குள் நுழைந்தாள். இரும்புக் கதவை உள்ளிருந்து இழுத்தாள். கனமான கதவு, இரண்டு கையாலும் இழுத்தாள். மேல் கைப்பிடியை இறக்கினாள். கீழ்க் கைப்பிடியை இறக்கினாள்.

உலகம் அடைத்துக்கொண்டது. சிமெண்டு வாசனை. கணினியின் மின்விசிறி. திரை வெளிச்சம் மட்டும்.

முக்காலியில் உட்கார்ந்தாள்.

105.

"உங்களை எத்தனை தரம் கூப்பிட்டிருப்பேன்" என்றாள் இருட்டைப் பார்த்து. "கொஞ்சம் நில்லுங்க, சேர்ந்து போவோம்னு. ஒரு நாள் நின்னீங்களா?"

மின்விசிறிச் சத்தம்.

அவள் அஃப்ரீனின் காகிதத்தில் கடைசி வரியைப் பார்த்து எழுத்தெழுத்தாகத் தட்டினாள். அவரைப் பெயர் சொல்லி அவள் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. கல்யாணப் பத்திரிகையில் படித்ததோடு சரி.

"வா" என்றாள். "வா, ஜெயரத்தினம். என் நேரத்துக்கு வா."

தட்டினாள்.

0.

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நொடி. இரண்டு நொடி. அவள் மூச்சை உள்ளே இழுத்தாள்.

இன்னொரு மூச்சும் உள்ளே போனது.

பின்னாலிருந்து வரவில்லை. பக்கத்திலிருந்து. தோளோடு தோளாக, இந்த ஒற்றை முக்காலியில், அவளுடைய இடது பக்கத்துச் சதையை நெருக்கிக்கொண்டு. புடவைக்குள் சில்லென்று ஈரம் ஊறியது. அவள் திரும்பவில்லை. கண் முன்னால் விசைப்பலகையின் மேல் அவளுடைய கைகள் இரண்டும் இருந்தன. மூன்றாவதாக ஒரு கை வந்து பக்கத்தில் இறங்கியது. புறங்கையில் ஆஸ்பத்திரி ஊசி குத்திய இடத்தில் நீலமாகக் கன்றிப்போன தோல், பாதி உரிந்த பிளாஸ்திரி. ஆள்காட்டி விரல் நீண்டு, நிதானமாக, எழுத்துகளைத் தேடத் தொடங்கியது. s. t. o.

அவள் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

பிடிக்க முடிந்தது. அதுதான் அவளை உலுக்கியது. இருபத்தொன்பது வருடம் கைக்கு எட்டாதது, இதோ எலும்பும் தோலுமாக விரல்களுக்குள். ஐஸில் கிடந்த மீன் மாதிரி. அது இழுத்தது. அவள் விடவில்லை. மூட்டை தூக்கியவர் மகளின் கை. காதோரம் ட்ச் என்றது, ஈர உதடு காது மடலில் பட்டது. விடவில்லை.

இரும்புக்கு அந்தப் பக்கம், வெகு தொலைவில்போல, வாசல் கதவு திறந்தது.

"மணி ஏழு. நிமிடம் முப்பத்தொன்று."

சயந்தினி வாசலிலேயே நிற்கிறாள். பிறகு செருப்பு கழற்றும் சத்தம். பை தரையில் வைக்கும் சத்தம். உள்ளே வருகிறாள். மூன்று வருடம் கழித்து, உள்ளே.

"அம்மா? என்ன எல்லா லைட்டும் எரியுது? அய்யோ, மீன் தலைக் கறியா!" சிரிப்பு. காலடி நெருங்கியது. இரும்புக் கதவில் விரல் தட்டியது. "அம்மா, உள்ள யாரோட பேசுறீங்க?"

கை முறுக்கிக்கொண்டு திமிறியது. மனோரஞ்சிதம் குரலைச் சேர்த்தாள்.

"யாரும் இல்லம்மா. கம்ப்யூட்டர் வேலை. முடிய நேரமாகும்."

"வெளிய வாங்க, சேர்ந்து சாப்பிடலாம்."

"நீ சாப்பிடு. இந்தக் கதவை மட்டும் திறக்காத, என்ன? நானா வெளிய வந்தாலொழிய திறக்காத."

"ஏன்?"

"சொல்றேன்ல." பிறகு மென்மையாகச் சொன்னாள். "அவசரமே இல்ல, சயா. உனக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சாப்பிடு."

தயங்கிய காலடி திரும்பிப் போனது. நாற்காலி இழுபட்டது. தட்டில் கரண்டி பட்டது. ஒருமுறை. இன்னொரு முறை. நிதானமாக.

திரை வெளிச்சத்தில் மனோரஞ்சிதம் தன் கையைப் பார்த்தாள். விரல்கள் அந்த மணிக்கட்டைச் சுற்றியிருந்தன. நகங்கள் தெரியவில்லை. அவர் தோல் ஈரமாவுபோல அவள் விரல் நுனிகளின் மேல் ஏறி மூடியிருந்தது. நீலக் கன்றல் அவள் முட்டிகளைத் தாண்டிப் புறங்கையில் படர்ந்து, வளையலுக்குக் கீழே நுழைந்துகொண்டிருந்தது. எந்த நாடி யாருடையது என்று தெரியவில்லை. ஒன்றுதான் துடித்தது.

அவள் மற்றக் கையையும் கொண்டுவந்து அதன்மேல் வைத்து இறுக்கினாள்.